கருப்பைத் தசையும் மூன்று வாயுக்களும்: கர்ப்பகாலச் சுருக்கங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலுக்குள் ஒரு வாயு எப்படிச் செய்தி எடுத்துச் செல்ல முடியும்?

ஆக்சிடோசின், அட்ரினலின் போன்ற செய்தி மூலக்கூறுகள் உயிரணுவின் வெளிச்சவ்வில் தமக்கென அமைந்த ஏற்பியைத் தேடிப் பிடித்தே தம் வேலையைத் தொடங்குகின்றன. நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிய மூன்றும் மிகச் சிறியவை. அவை சவ்வை எளிதில் ஊடுருவி, உருவான இடத்துக்கு அருகிலுள்ள உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள நொதிகளையும் புரதங்களையும் தாமே தொட்டு மாற்றுகின்றன. இவற்றைச் சேமித்து வைக்கும் பை எதுவும் உயிரணுவில் இல்லை. தேவைப்படும் நேரத்தில் நொதி உருவாக்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு என்றால் சில நொடிகளிலேயே அது சிதைந்துவிடுகிறது.

இந்தக் கதை இரத்தக்குழாயில் தொடங்கியது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டு அசிட்டைல்கோலினுக்குத் தளர வேண்டுமானால் அதன் உட்புற உயிரணுப் படலம் சிதையாமல் இருக்க வேண்டும் என்று காட்டினார். அந்தப் படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கிளம்பித் தசையைத் தளர்த்துகிறது என்பது தெரிந்தது. அது என்ன பொருள் என்பது தெரியவில்லை. அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1987இல் லண்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழுவும், அமெரிக்காவில் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே நிறுவினர். ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை நச்சு வாயுக்களாக மட்டுமே அறியப்பட்டிருந்த கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் பின்னர் இந்த வரிசையில் சேர்ந்தன. கருப்பையும் இரத்தக்குழாயைப் போல வழுவழுப்புத் தசையால் ஆனது என்பதால், ஆய்வாளர்களின் கவனம் விரைவிலேயே அதன் பக்கம் திரும்பியது.

கர்ப்பகாலத்தில் வயிற்றில் சேரும் வாயுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. வயிற்று உப்புசத்துக்குக் காரணம் குடலில் குமிழிகளாகச் சேரும் காற்று. இங்கே பேசப்படும் மூன்றும் திசுக்களில் மிகமிக நுண்ணிய அளவில் கரைந்த நிலையில் உருவாகி மறைபவை. அவை ஒருபோதும் குமிழியாகத் திரள்வதில்லை, ஏப்பத்தோடு வெளியேறுவதும் இல்லை.

பிரசவ அறையில் வலி குறைய முகமூடி வைத்துக் கொடுக்கும் வாயுவும் நைட்ரிக் ஆக்சைடுதானா?

அது நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பு வாயு என்று பலரும் அறிந்தது. பாதி நைட்ரஸ் ஆக்சைடும் பாதி ஆக்சிஜனும் கலந்த எண்டோனாக்ஸ் கலவையைப் பிரசவ வலி வரும்போது தாய் தானே மூச்சிழுத்துக்கொள்கிறார். அது மூளையிலும் தண்டுவடத்திலும் வலியுணர்வை மட்டுப்படுத்துகிறது. கருப்பையின் சுருக்கத்தை நிறுத்துவதற்காக அது கொடுக்கப்படுவதில்லை. இரண்டும் வெவ்வேறு மூலக்கூறுகள், வெவ்வேறு வேலைகள்.

கருப்பைத் தசை எப்படிச் சுருங்குகிறது? ஒன்பது மாதம் அது எப்படி அடங்கியிருக்கிறது?

சுருக்கத்தின் அடிப்படை கால்சியம். தசை உயிரணுவின் சவ்வில் மின்னழுத்தம் மாறும்போது கால்சியம் வாய்க்கால்கள் திறக்கின்றன, வெளியிலுள்ள கால்சியம் உள்ளே பாய்கிறது. அது கால்மாடுலின் என்னும் புரதத்துடன் சேர்ந்து ஒரு நொதியைத் தூண்ட, அந்த நொதி மயோசின் இழையில் பாஸ்பேட்டை ஏற்ற, மயோசினும் ஆக்டினும் ஒன்றையொன்று இழுக்கின்றன. பிரசவச் சுருக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான ஆக்சிடோசின் வந்து சேரும்போது உயிரணுவுக்குள்ளேயே சேமிக்கப்பட்டுள்ள கால்சியமும் வெளியேறுகிறது. அத்துடன், பாஸ்பேட்டை அகற்றும் நொதியை அடக்கிவைக்கும் இன்னொரு பாதையும் விழித்துக்கொள்வதால், ஒரே அளவு கால்சியத்துக்குக் கூடுதல் இழுவிசை கிடைக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவை பொட்டாசியம் வாய்க்கால்கள். அவை திறந்தால் பொட்டாசியம் வெளியேறுகிறது. உயிரணுவின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைகிறது. கால்சியம் வாய்க்கால்கள் திறப்பது கடினமாகிறது. கர்ப்பகாலத்தின் பெரும்பகுதியில் கருப்பை அமைதியாக இருப்பதற்குப் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனின் ஆதிக்கமும், இந்தப் பொட்டாசியம் வாய்க்கால்களின் விழிப்பும், தசை உயிரணுக்களுக்கிடையே மின்தொடர்பு குறைவாக இருப்பதும் சேர்ந்து காரணமாகின்றன. பிரசவம் நெருங்கும்போது கனெக்சின் 43 என்னும் புரதத்தாலான இணைப்புகள் உயிரணுக்களுக்கிடையே பெருகுகின்றன. ஆக்சிடோசின் ஏற்பிகளும் பெருகுகின்றன. அதுவரை ஆங்காங்கே தனித்தனியாகத் துடித்த தசை அப்போது ஒரே உறுப்பாகச் சேர்ந்து சுருங்கத் தொடங்குகிறது.

முழு அமைதி என்பது எப்போதும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கில்லாமல் வந்து போகும் இறுக்கங்கள் கர்ப்பகாலம் முழுவதும் உண்டு. அவற்றை 1872இல் விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன.

நைட்ரிக் ஆக்சைடு கருப்பையில் என்ன செய்கிறது?

தளர்த்துகிறது. இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எப்படித் தளர்த்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றும் மூன்று வகை நொதிகள் நைட்ரிக் ஆக்சைடைத் தருகின்றன. அவற்றுள் இரண்டு கால்சியத்தின் அளவுக்கேற்பச் சிறிது சிறிதாக உருவாக்குபவை. மூன்றாவது, அழற்சி போன்ற தூண்டல்களால் தோன்றிப் பெருமளவில் உருவாக்குவது. எலிகளில் நடந்த 1990களின் ஆய்வுகள் ஒரு தெளிவான சித்திரத்தைத் தந்தன: கர்ப்பத்தின் நடுப்பகுதியில் கருப்பையின் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி உயர்ந்திருக்கிறது, பிரசவம் நெருங்கும்போது குறைகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் இருந்த குழுக்கள் இதில் முன்னோடிகள். மனிதக் கருப்பையில் இந்தச் சித்திரம் அவ்வளவு தெளிவாக அமையவில்லை. சில ஆய்வகங்கள் பிரசவ வேளையில் நொதி குறைவதைக் கண்டன, வேறு சில எந்த மாற்றத்தையும் காணவில்லை. எலிக்குப் பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் அளவு சட்டென்று சரியும், பெண்ணுக்குச் சரிவதில்லை என்ற அடிப்படை வேறுபாட்டை நினைவில் வைத்தால், எலியில் கண்டதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்தக் கூடாது என்பது புரியும்.

இரத்தக்குழாயில் நைட்ரிக் ஆக்சைடு செயல்படும் பாதை நன்கு தெரிந்தது. அது குவானிலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டும். சைக்ளிக் ஜிஎம்பி என்னும் இரண்டாம் நிலைத் தூதுப்பொருள் உயரும். அதனால் தூண்டப்படும் புரத கைனேஸ் கால்சியத்தைக் குறைத்துத் தசையைத் தளர்த்தும். கருப்பையிலும் இதே பாதைதான் என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. ஆனால் நெவாடா பல்கலைக்கழகத்தின் இயன் பக்ஸ்டன் குழு கினிப் பன்றியிலும், பின்னர் 1998இல் மனிதக் கருப்பைத் தசையிலும் வேறொன்றைக் காட்டியது. சைக்ளிக் ஜிஎம்பி உயர்வதைத் தடுத்த பிறகும் நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளர்த்தவே செய்தது. அப்படியானால் முக்கியமான வேலை வேறு வழியில் நடக்கிறது. புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலப் பகுதியிலுள்ள கந்தகத்தோடு நைட்ரிக் ஆக்சைடு நேரடியாக ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதங்களின் நடத்தையை மாற்றுகிறது என்பதே அந்தக் குழு முன்வைத்த விளக்கம். இப்படி மாற்றப்படும் புரதங்களில் சுருங்கும் இழைகளின் புரதங்களும், தசை இழுபடும்போது திறக்கும் ட்ரெக்-1 போன்ற பொட்டாசியம் வாய்க்கால்களும் பேசப்படுகின்றன. ட்ரெக்-1 கர்ப்பகாலத்தில் கூடி, பிரசவ வேளையில் குறைவதும் கண்டறியப்பட்டுள்ளது. வளரும் குழந்தை கருப்பையை நாளுக்கு நாள் இழுத்து விரித்தாலும் தசை உடனே எதிர்த்துச் சுருங்காமல் இருப்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

என் பார்வையில் இத்துறையில் கிடைத்த மிகப் பயனுள்ள அறிவு இதுதான். இரத்தக்குழாய்க்காக உருவான மருந்துகளைக் கருப்பைக்குக் கொடுத்து அவை தோற்றபோது, நைட்ரிக் ஆக்சைடுக்கே கருப்பையில் பங்கில்லை என்று முடிவு கட்டுவது எளிது. பிழை வாயுவில் இல்லை. கருப்பைத் தசையை இரத்தக்குழாய்த் தசையாகவே எண்ணிக்கொண்டதில் இருக்கிறது.

கருப்பைவாயிலும் இதே வேலையைத்தான் செய்கிறதா?

அங்கே அதன் வேலை ஏறத்தாழ எதிரானது. கருப்பையின் உடற்பகுதி பெரும்பாலும் தசை. கருப்பைவாய் பெரும்பாலும் கொலாஜன் நார்களாலான இணைப்புத் திசு. பிரசவத்துக்கு முன் அது மென்மையாகி நீளம் குறைய வேண்டும். எலிகளில் பிரசவ வேளையில் கருப்பையின் உடற்பகுதியில் நைட்ரிக் ஆக்சைடு குறையும்போதே கருப்பைவாயில் அது கூடுகிறது. அங்கே அது கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளையும், புரோஸ்டாகிளாண்டின் என்னும் ஹார்மோன் போன்ற பொருளின் உற்பத்தியையும் ஊக்குவிக்கிறது. ஒரே மூலக்கூறு, ஓர் உறுப்பின் மேற்பகுதியில் குறைந்து சுருக்கத்துக்கு இடம் விடுவதும், கீழ்ப்பகுதியில் கூடி வழி திறப்பதும் வியக்கத்தக்க ஒழுங்கு.

இதை நம்பி, நைட்ரிக் ஆக்சைடைத் தரும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் மாத்திரையைப் பெண்ணுறுப்பில் வைத்துக் கருப்பைவாயைப் பக்குவப்படுத்தும் முயற்சிகள் நடந்தன. அதன் கவர்ச்சி, புரோஸ்டாகிளாண்டினைப் போலக் கருப்பையைச் சுருங்கத் தூண்டாது என்பது. எனவே வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எழுந்தது. ஸ்காட்லாந்தில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 350 பெண்களிடம் நடந்து 2009இல் வெளியான சோதனையில், கருப்பைவாய் ஓரளவு பக்குவமடைந்தாலும், மருத்துவமனையில் சேர்வதிலிருந்து பிரசவம் வரையிலான நேரம் குறையவில்லை. தலைவலி கூடியது. அதனால் இது வழக்கமான சிகிச்சையாகவில்லை.

கார்பன் மோனாக்சைடு நச்சு அல்லவா? அது கருப்பையில் எப்படி வந்தது?

நம் உடலே அதைச் சிறிதளவு உருவாக்குகிறது. ஹீமோகுளோபினிலும் வேறு புரதங்களிலும் உள்ள ஹீம் பகுதியை ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி உடைக்கும்போது பிலிவெர்டினும் இரும்பும் கார்பன் மோனாக்சைடும் வெளிவருகின்றன. 1998இல் இங்கிலாந்தில் அசெவேடோ, அகமது ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பிணியின் கருப்பைத் தசையில் இந்த நொதி கர்ப்பமில்லாத நிலையைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பதையும், புரோஜெஸ்ட்ரோன் அதை உயர்த்துவதையும், நொதியைத் தூண்டினால் தசையின் சுருக்கம் குறைவதையும் காட்டியது. புரோஜெஸ்ட்ரோன் கருப்பையை எப்படி அடக்கிவைக்கிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு புதிய விடையாகத் தோன்றியது. பின்னர் மற்ற ஆய்வகங்கள் தேடியபோது அதே முடிவுகள் உறுதியாகக் கிடைக்கவில்லை. மூன்று வாயுக்களில் கருப்பைச் சுருக்கம் தொடர்பாக மிகப் பலவீனமான சான்று உள்ளது கார்பன் மோனாக்சைடுக்குத்தான் என்று சொல்வேன்.

அப்படியானால் புகையிலோ சமையல் அடுப்பிலோ வரும் கார்பன் மோனாக்சைடு கருப்பையைத் தளர்த்தி நன்மை செய்யுமா?

செய்யாது, தீமையே செய்யும். திசுவுக்குள் நொதி உருவாக்கும் நுண்ணளவு வேறு, மூச்சுக்காற்றில் உள்ளே செல்லும் அளவு வேறு. வெளியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு முதலில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிணைப்போடு பற்றிக்கொள்கிறது. குழந்தையின் ஹீமோகுளோபின் அதைத் தாயினுடையதைவிடக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது, மெதுவாகவே விடுகிறது. தாய்க்கு லேசான தலைவலியாக மட்டும் தெரியும் அளவுகூடக் குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

புகைபிடிக்கும் பெண்களிடம் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் சற்றுக் குறைவாகக் காணப்படுவதும், அதற்குக் கார்பன் மோனாக்சைடு காரணமாக இருக்கலாம் என்ற ஊகமும் இணையத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. அதே பெண்களிடம் குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தைகளும், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவதும், குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் கூடுதல் என்பதைச் சேர்த்தே சொல்லாத எந்த மேற்கோளும் கர்ப்பிணிகளுக்குக் கேடானது. மூடிய அறையில் கரி அடுப்போ, விறகடுப்போ, ஜெனரேட்டரோ இயங்கும் இடத்தில் கர்ப்பிணி இருக்கக் கூடாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றி என்ன தெரியும்?

அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான இந்த வாயுவைத் திசுக்கள் முக்கியமாகச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாக்குகின்றன. இதற்கான நொதிகளில் சிஸ்டாதயோனின் பீட்டா சிந்தேஸ், சிஸ்டாதயோனின் காமா லயேஸ் ஆகிய இரண்டும் மனிதக் கருப்பைத் தசையில் உள்ளன. ஷாங்காய் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது: பிரசவ வலி தொடங்காத பெண்களைவிட, வலி தொடங்கிய பெண்களின் தசையில் இந்த இரண்டு நொதிகளும் குறைவாக இருந்தன. மாதம் நிறைந்தவர்களிடமும், நிறையாதவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. சிஸ்டீனைச் சேர்த்தபோது தசைத் துண்டின் சுருக்கம் குறைந்தது.

எலித் தசையில் சோடியம் ஹைட்ரோசல்ஃபைடு சேர்த்துச் சுருக்கம் குறைவதை 2001லேயே காட்டியிருந்தனர். அந்த உப்பு கரைந்த உடனேயே வாயுவை மொத்தமாக வெளிவிட்டுத் தீர்ந்துபோவது. உடலில் அப்படி நடப்பதில்லை. ஆகவே மெதுவாக வெளிவிடும் ஜிஒய்ஒய்4137 என்ற சேர்மம் சிங்கப்பூரில் உருவாக்கப்பட்டது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஹேலி ராபின்சனும் சூசன் ரேயும் 2012இல் அதை மனிதத் தசையிலும் எலித் தசையிலும் சோதித்து, தானாக வரும் சுருக்கத்தையும் ஆக்சிடோசின் தூண்டிய சுருக்கத்தையும் அது குறைப்பதாகக் காட்டினர். உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் அளவை உணர்ந்து திறக்கும் பொட்டாசியம் வாய்க்கால்களும், கால்சியம் உள்ளே வருவது குறைவதும் இதில் பங்குபெறுகின்றன. ஆக்சிடோசின் இருக்கும்போதும் பலன் தருவது ஒரு நல்ல அறிகுறி. ஏனெனில் உண்மையான பிரசவ வலியின்போது ஆக்சிடோசின் இல்லாத கருப்பை என்று ஒன்றில்லை. ஆனாலும் குறைமாத வலியை நிறுத்தும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மருந்து எதுவும் இன்று மருத்துவமனையில் இல்லை.

இந்த ஆய்வுகள் எப்படிச் செய்யப்படுகின்றன? எவ்வளவு நம்பலாம்?

சிசேரியன் அறுவையின்போது, தாயின் முன் ஒப்புதலோடு, வெட்டின் மேல் விளிம்பிலிருந்து மெல்லிய தசைத் துண்டு ஒன்று எடுக்கப்படுகிறது. அதை உப்புக்கரைசல் நிறைந்த கண்ணாடிக் கலத்தில், 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒரு முனையைக் கட்டி மறுமுனையை விசை அளக்கும் கருவியோடு இணைத்துத் தொங்கவிடுகிறார்கள். சிறிது நேரத்தில் அந்தத் துண்டு, நரம்போ மூளையோ ஹார்மோனோ இல்லாமல், தானாகவே தாளகதியில் சுருங்கத் தொடங்கும். தாயின் உடலைவிட்டு வந்த பிறகும் தொடரும் அந்தத் துடிப்பே கருப்பைத் தசையின் இயல்பை எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொல்கிறது.

இம்முறையின் வரம்புகளையும் கவனிக்க வேண்டும். கரைசலில் 95 சதவீத ஆக்சிஜன் குமிழியிடப்படுகிறது. நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆக்சிஜன் முன்னிலையில் விரைந்து சிதைபவை. அதனால் சோதனையில் சேர்க்கும் அளவு, திசுவில் இயல்பாக இருக்கக்கூடிய அளவைவிட மிக அதிகமாகிவிடுகிறது. துண்டு கிடைப்பது பெரும்பாலும் மாதம் நிறைந்து சிசேரியன் ஆகும் பெண்களிடமிருந்து. நமக்கு விடை தேவைப்படுவதோ 28 வாரத்தில் வலியோடு வரும் பெண்ணைப் பற்றி. அதோடு, துண்டு எடுக்கப்படுவது கருப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து. வலியின்போது பெரும் விசையைத் தருவது மேற்பகுதி. தசைத் துண்டில் தளர்ந்தது என்பதிலிருந்து தாயின் பிரசவம் தள்ளிப்போகும் என்பதற்கு நேர்வழி இல்லை.

குறைமாத வலியை நிறுத்த நைட்ரோகிளிசரின் பட்டை ஒட்டினால் பலன் உண்டா?

நைட்ரோகிளிசரின் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறுவது. இந்த வகை மருந்தைக் கருப்பைக்குப் பயன்படுத்துவது உடலில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கு கண்டுபிடிக்கப்படுவதற்கு நூறாண்டு முந்தைய பழக்கம்: பிரசவத்தின்போது நடுவில் இறுகிப்போன கருப்பையை அமைல் நைட்ரைட் கொண்டு தளர்த்தியது பற்றி 1882இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் குறிப்பு வந்திருக்கிறது. தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டை குறைமாத வலியை நிறுத்துவதாக 1994இல் லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வு வெளியானதும் பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது.

அடுத்த 20 ஆண்டுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வுரை, 1,200க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைப் பார்த்த பிறகும், இம்மருந்தை வழக்கமாகக் கொடுக்கப் போதிய சான்றில்லை என்றது. தாய்க்குத் தலைவலி அடிக்கடி வந்தது. காரணத்தைத் தேடினால் இரண்டு விஷயங்கள் தென்படுகின்றன. முதலாவது, இம்மருந்து கருப்பையைத் தனியே அறியாது. உடலின் எல்லா இரத்தக்குழாய்களையும் விரிக்கிறது, கருப்பை தளரும் அளவுக்குக் கொடுத்தால் இரத்த அழுத்தம் சரிகிறது. இரண்டாவது, 2018இல் பக்ஸ்டன் குழு வெளியிட்டது: குறைமாதத்தில் வலி வந்த பெண்களின் கருப்பைத் தசை, நைட்ரிக் ஆக்சைடுக்கு மற்றவர்களின் தசையைப் போலத் தளர்வதில்லை. புரதங்களோடு ஒட்டும் நைட்ரிக் ஆக்சைடைக் கழித்துவிடும் ஒரு நொதி அந்தத் திசுவில் கூடியிருக்கிறது. அதாவது எந்தப் பெண்ணுக்கு மருந்து மிகவும் தேவையோ, அவருடைய தசையிலேயே அந்த மருந்தின் வழி அடைபட்டிருக்கிறது. அந்த நொதியைத் தடுத்து நைட்ரிக் ஆக்சைடின் வழியைத் திறந்துவிடுவதே இப்போது நியாயமான ஆய்வுத் திசை என்று கருதுகிறேன்.

பிறகு பிரசவ அறையில் நைட்ரோகிளிசரின் எதற்கு வைத்திருக்கிறார்கள்?

சில நிமிடங்கள் மட்டும் கருப்பை தளர வேண்டிய அவசர நிலைகளுக்கு. கருப்பை உள்வெளியாகத் திரும்பிவிட்டால் அதை மீண்டும் உள்ளே செலுத்துவதற்கும், சிசேரியனில் குழந்தையின் தலை இறுகிய கருப்பையில் சிக்கும்போதும், மயக்க மருத்துவர் 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை இரத்தக்குழாய் (சிரை) வழியாகக் கொடுப்பதுண்டு. ஓரிரு நிமிடத்தில் பலன் தெரிந்து விரைவில் அகன்றுவிடும். வெளிவராமல் தங்கிவிட்ட நஞ்சுக்கொடிக்கு நாக்கின் அடியில் தெளிக்கும் வகை பயன்படுமா என்று பிரிட்டனில் 1,107 பெண்களிடம் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். பலனில்லை, கையால் நஞ்சுக்கொடியை எடுக்க வேண்டிய தேவை குறையவில்லை.

சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையும் இதே வழியில் செயல்படுவதுதானே?

ஆம், அது சைக்ளிக் ஜிஎம்பி சிதைவதைத் தடுத்து நைட்ரிக் ஆக்சைடின் விளைவை நீட்டிக்கிறது. வளர்ச்சி மிகக் குன்றிய குழந்தைகளுக்கு நஞ்சுக்கொடி வழியாக இரத்த ஓட்டம் கூடும் என்ற நம்பிக்கையில் தாய்மார்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்துச் சோதனை, பிறந்த குழந்தைகளின் நுரையீரல் இரத்தக்குழாய்களில் பாதிப்பும் இறப்புகளும் கண்டதால் 2018இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தாய்க்குக் கொடுக்கும் மருந்து குழந்தையின் இரத்தக்குழாய்களையும் சென்றடையும் என்பதை மறக்கவே கூடாது.

எல்-ஆர்ஜினின் தூள், பீட்ரூட் சாறு ஆகியவற்றால் கருப்பை அமைதியாக இருக்குமா?

பனிக்குட நீர் குறைவு என்றோ, குழந்தையின் எடை குறைவு என்றோ சொல்லி எல்-ஆர்ஜினின் தூள் பொட்டலங்களை எழுதிக்கொடுப்பது நம் ஊர்களில் பரவலான பழக்கம். அதன் நோக்கம் இரத்த ஓட்டம். சுருக்கத்தை நிறுத்துவது அல்ல. மெக்சிகோவில் நோய்வாய்ப்பு கூடுதலான கர்ப்பிணிகளுக்கு எல்-ஆர்ஜினினையும் சில வைட்டமின்களையும் சேர்த்துக் கொடுத்து, கர்ப்பகால இரத்த அழுத்த நோய் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு மதிக்கத்தக்கது. தொடங்கிவிட்ட பிரசவ வலியை இத்தூள் நிறுத்தும் என்பதற்கு அது சான்றாகாது. பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் என்பது உண்மை. உணவாகப் பீட்ரூட் சாப்பிடுவதில் தவறில்லை. மருந்தாக எண்ணி, வலி வந்த பிறகு சாறு குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பதில்தான் தவறு இருக்கிறது.

வலி வந்தால் அது சூட்டு வலியா, பிரசவ வலியா என்று எப்படி அறிவது? எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

சீரகக் கஷாயம் குடித்துப் பார்த்து, நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் பிரசவ வலி என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மாதம் நிறைந்த பெண்ணுக்கு அந்த அரைமணி நேரக் காத்திருப்பு பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. 37 வாரம் முடியாதவருக்கு அந்தக் காத்திருப்பு கூடாது. ஓய்வெடுத்தும் விடாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறையோ அதைவிட நெருக்கமாகவோ வயிறு இறுகுவது, இடுப்பிலும் முதுகிலும் விட்டுவிட்டு வரும் வலி, அடிவயிற்றில் அழுத்தம், நீர்க்கசிவு, இரத்தக்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்களில் ஆம்புலன்ஸ் வரும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகில் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. நாடுகளில் மிகக் கூடுதலான எண்ணிக்கை இந்தியாவில், ஏறத்தாழ 30 லட்சம். வாயுக்களைக் கொண்டு இதைத் தடுக்கும் மருந்து இன்னும் வராத நிலையில், மருத்துவமனையில் நிஃபெடிபின் போன்ற கால்சியம் தடுப்பானைக் கொடுத்துச் சுருக்கத்தைச் சுமார் 48 மணி நேரம் தள்ளிப்போட முயல்கிறார்கள். அந்த அவகாசத்தில் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் ஊசி 12 மணி நேர இடைவெளியில் நான்கு முறையோ, பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் 24 மணி நேர இடைவெளியில் இரு முறையோ போடப்படுகிறது. மிகக் குறைந்த மாதம் என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட்டும் தருவார்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயை மாற்றுவதற்கும் இதே 48 மணி நேரம்தான் கிடைக்கும். வலி தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் தாய் வந்து சேர்ந்தால்தான் அதில் எதையாவது பயன்படுத்த முடியும்.